அம்பேத்கர் எப்படி வேலை செய்தார்?

கீழ்வேளூரில் நாகப்பட்டினம் சாலையோரம் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இயங்குகிறது. நான்கு வழக்கறிஞர்கள், ஒரு குமாஸ்தா, களப்பணிக்குச் செல்லும் மூன்று தோழர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகள், கூலித் தகராறுகள், மயானப் பாதை, வீட்டுமனைப் பட்டா என்று மேசையில் கட்டுகள் ஒருநாளும் குறைவதில்லை. சென்ற சம்பா அறுவடைக் காலத்தில் எங்கள் கையால் ஒரு தவறு நிகழ்ந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் பிணை மனு குறித்துத் தனக்கு வந்த அறிவிப்பைப் பாதிக்கப்பட்ட பெண் ஒருவர் பேருந்தேறி வந்து எங்களிடம் கொடுத்தார். வாங்கியவர் அதைக் கைப்பையில் வைத்தார். அந்த வாரம் அவருக்கு இரண்டு ஊர் நீதிமன்றங்களில் வாய்தாக்கள். இடையில் ஒரு பிரேதப் பரிசோதனைக்காக மருத்துவமனை வாசலில் ஓர் இரவு முழுவதும் நின்றார். பைக்குள் போன தாள் பைக்குள்ளேயே கிடந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்குத் தந்திருக்கும், பிணை விசாரணையில் தன் தரப்பைச் சொல்லும் உரிமை, எங்களுடைய அசதியால் வீணாயிற்று. பிணையில் வந்தவர்கள் மறுநாளே அந்தப் பெண்ணின் தெருவழியே மோட்டார் சைக்கிளில் போனார்கள். அவர் எங்களை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதன்பிறகு எங்களுக்கு அறிவுரைகள் நிறைய வந்தன. புத்தகக் கண்காட்சிகளில் அடுக்கடுக்காக விற்கும் தன்முன்னேற்ற நூல்களில் இரண்டை நண்பர் ஒருவர் வாங்கித் தந்தார். அதிகாலை ஐந்து மணிக்கு எழவேண்டும், கைபேசியில் ஒரு செயலியை இறக்கி வேலைகளைப் பட்டியலிட வேண்டும், எவருக்கும் முடியாது என்று சொல்லப் பழக வேண்டும் என்பன அவற்றின் சாரம். காலில் அடிபட்டுக் கட்டோடு படியேறி வருகிறவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது என அந்நூல்களை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. எங்கள் சுவரில் தொங்கும் படமும் அறிவுரைதான் சொல்லிக்கொண்டிருந்தது. நள்ளிரவு, மேசை விளக்கு, விரித்த புத்தகம், கண்ணாடி அணிந்த அண்ணல். நாளுக்குப் பதினெட்டு மணி நேரம் படித்தார் என்று ஒவ்வொரு ஏப்ரல் 14 அன்றும் மேடைகளில் கேட்கிறோம். அவர் அப்படி உழைத்தார், நீ ஏன் தூங்கினாய் என்று கேட்பதற்கே அந்த எண் இப்போது பயன்படுகிறது. எனவே அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்த மனிதர் உண்மையில் எப்படி வேலை செய்தார், எதைப் பழக்கமாக்கினார், அதற்கு என்ன கொடுத்தார் என்பதை அவருடைய வாழ்க்கையிலிருந்தே பார்க்க முற்பட்டோம்.

பீமராவ் 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில் சுபேதார் ராம்ஜி சக்பாலின் பதினான்காவது பிள்ளையாகப் பிறந்தார். குடும்பம் பம்பாய்க்கு வந்தபோது பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர்கள் வாழும் சாலில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே அறை. சமையல், படுக்கை, விறகு, தண்ணீர்ப் பானை எல்லாம் அதற்குள்ளேதான். பகலில் அங்கே படிப்பதற்கு இடமும் இல்லை, அமைதியும் இல்லை. தந்தை ஒரு வழி கண்டார். மாலையிலேயே மகனைத் தூங்க வைத்துவிட்டுத் தாம் விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்பிவிட்டுத் தாம் படுப்பார். இருவருக்குமாக இருந்த ஒரே படுக்கை இடம் இப்படிக் கைமாறியது. மண்ணெண்ணெய் விளக்கொளியில், வீட்டார் மூச்சுவிடும் ஓசைக்கு நடுவே மகன் படித்தார்.

இரவில் விழித்துப் படிப்பதை மேதைமையின் அடையாளமாகக் கொண்டாடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வழக்கம் பிறந்தது இடப்பற்றாக்குறையிலிருந்து. தனியறை உள்ள வீட்டில் பிறந்திருந்தால் அவரும் மாலை ஏழு மணிக்குப் படித்துவிட்டுப் பத்து மணிக்குத் தூங்கியிருப்பார். இன்னொன்றும் இருக்கிறது: அந்த இரண்டு மணிப் படிப்பு அவர் ஒருவருடைய பழக்கமன்று. கிழவர் ஒருவர் தம் தூக்கத்தைப் பாதியாக வெட்டிக் கொடுத்ததால் நடந்தது அது. மகன் கேட்ட புத்தகத்தை வாங்கப் பணமில்லாத நாளில், மணமாகிச் சென்ற மகள்களின் வீட்டுக்குப் போய் நகையை வாங்கி அடகு வைத்துப் புத்தகத்தோடு திரும்பியவர் ராம்ஜி.

1913இல் தந்தை இறந்தார். அதே ஆண்டு பரோடா மன்னரின் உதவித்தொகையில் அம்பேத்கர் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மாதம் பதினொன்றரை பவுண்டு. அதிலும் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பினார். முதல் சில வாரங்கள் எந்த இளைஞனையும்போல நண்பர்களோடு சுற்றித் திரிந்தார் என்பது எங்களுக்கு ஆறுதலான செய்தி. பிறகு ஓர் இரவு தம் நிலையைத் தாமே எண்ணிப் பார்த்து, படிப்புக்குத் திரும்பினார். பட்டத்துக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு பாடங்களைக் கேட்டார். பழைய புத்தகக் கடைகளில் ஏறக்குறைய இரண்டாயிரம் நூல்களைச் சேர்த்தார். உதவித்தொகையின் காலம் அவர் தலைமேல் தொங்கியது. அது முடிந்ததால்தான் 1917இல் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. தனியே அனுப்பிய அவருடைய நூல்களோடும் பொருள்களோடும் வந்த கப்பல் உலகப் போரில் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. பரோடாவில் பெரிய படிப்புப் படித்த அதிகாரிக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். வேலைத் திறனைப் பற்றிப் பேசும்போது இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். உழைப்பின் பெரும்பகுதியைச் சாதி தின்றுவிடுகிறது. மிஞ்சியதில்தான் அவர் எதையும் செய்ய வேண்டியிருந்தது.

பம்பாய் சைடனாம் கல்லூரியில் மாதம் 450 ரூபாய்ச் சம்பளத்தில் பேராசிரியராகி, சாலின் சிறு குடியிருப்பிலேயே தொடர்ந்து வாழ்ந்து, பணம் சேர்த்து, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பர் நவல் பதேனாவின் கடனும் கைகொடுக்க, 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். அடுத்த மூன்றாண்டுகளே அவருடைய வேலை முறை முழு வடிவம் பெற்ற காலம். விடுதியில் காலை உணவு ஒரு துண்டு ரொட்டி, சிறிது மீன் பசை, ஒரு கோப்பை மாட்டிறைச்சிச் சாறு. அதை முடித்துக்கொண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்துக்கு நடப்பார். கதவு திறக்கும்போது உள்ளே நுழைபவர், காவலர் மூடும் நேரத்தில்தான் வெளியே வருவார். மதிய உணவு கிடையாது. பணமும் மிச்சம், இருக்கையும் மிச்சம். எழுந்து போனால் இடம் போய்விடும். மாலையில் வேறு நூலகங்கள். இரவுச் சாப்பாடும் காலையைப் போலவே. பத்து மணிக்கு மேல் பசி கிளம்பினால் நண்பர் ஒருவர் கொடுத்து வைத்த அப்பளத்தைச் சுட்டு, அரைக் கோப்பைப் பாலோடு தின்றுவிட்டு மறுபடியும் உட்காருவார். அறைத் தோழர் நடுநிசியில் விழித்துப் பார்த்து, படுத்துக்கொள்ளும்படி கேட்டுச் சலித்துப் போனார்.

இந்தக் காட்சியை எங்கள் கூட்டத்தில் படித்தபோது களத் தோழர் ஒருவர் கேட்ட கேள்வியை விட்டுவிட முடியாது. அந்த மூன்றாண்டுகள் ரமாபாய் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார் அவர். இலண்டன் மேசையின் அமைதி பரேல் சாலில் இருந்த ஒரு பெண்ணின் தோளில்தான் நின்றது. கணவர் அனுப்பும் சொற்பத் தொகையில் குடும்பத்தை நடத்தியவர், பிறந்த ஐந்து குழந்தைகளில் நால்வரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர், 1935 மே 27 அன்று நோயால் இறந்தவர் அவர். கணவருடைய நாளில் கவனம் சிதறாமல் இருந்ததென்றால், சிதறக்கூடியவை எல்லாம் ரமாபாயின் நாளில் வந்து விழுந்தன. தன்முன்னேற்ற நூல்களில் இந்தப் பக்கம் எப்போதும் வெற்றிடம். எங்கள் அலுவலகத்திலும் ஆண் வழக்கறிஞர்கள் இரவு பத்து மணி வரை இருக்க முடிவதும் பெண் தோழர் ஆறரைப் பேருந்தைப் பிடிக்க ஓடுவதும் தனித்திறமையின் வேறுபாடு அல்ல.

1923இல் பம்பாய் திரும்பி உயர்நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். தீண்டத்தகாத வழக்கறிஞரிடம் கட்டுக் கொடுக்கப் பெரிய கட்சிக்காரர்கள் வரமாட்டார்கள். சிறு வழக்குகள், கீழ்நீதிமன்றங்கள், கட்டணம் தர இயலாதவர்கள். வருமானம் போதாமல் ஒரு கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். 1924இல் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபாவின் அலுவலகம் பரேல் தாமோதர் மண்டபத்தில் இருந்தது. அங்கே காலையும் மாலையும் முறையீட்டோடு மக்கள் காத்திருப்பார்கள். 1927இல் தொடங்கிய பகிஷ்கிருத பாரத் இதழின் இருபத்து நான்கு பத்திகளையும் பெரும்பாலும் அவரே எழுதி நிரப்ப வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஓடிப் பணமின்றி அவ்விதழ் நின்றது. இந்தக் காலத்து அம்பேத்கர் எங்களுக்கு மிக அருகில் இருப்பவர். சட்ட அமைச்சரைவிட, தாமோதர் மண்டபத்தில் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் முப்பத்தைந்து வயது வழக்கறிஞரை எங்களால் எளிதாக அடையாளம் காண முடிகிறது.

அவர் நேரத்தை எப்படிக் கையாண்டார் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகளை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது 1928இல் நடந்தது. ஒடுக்கப்பட்டோர் சார்பில் சைமன் குழுவின் முன் அவர் சாட்சியம் அளிக்க வேண்டிய நேரமும், தாணே அமர்வு நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக இறுதி வாதம் செய்ய வேண்டிய நேரமும் மோதிக்கொண்டன. குழுவின் முன் போகாவிட்டால் ஒரு மக்கள் கூட்டத்தின் அரசியல் எதிர்காலம் கேட்பாரற்றுப் போகும். நீதிமன்றத்துக்குப் போகாவிட்டால் தம்மை நம்பியவர்களின் உயிர் போகக்கூடும். இரண்டையும் செய்ய அவர் இரவில் கூடுதலாக விழித்திருக்கவில்லை. நீதிபதியிடம் சென்று வரிசையை மாற்றித் தருமாறு வேண்டினார். அரசுத் தரப்பு வாதம் முடிந்தபிறகே எதிர்த்தரப்பு பேசுவது வழக்கம். தாம் முதலில் வாதத்தை முடித்துக்கொண்டு போக அனுமதி பெற்றார். அரசு வழக்கறிஞர் என்ன சொல்லப் போகிறார் என்பதை முன்கூட்டியே ஊகித்து, அதற்கும் சேர்த்துப் பதில் சொல்லும் அளவுக்குக் கட்டை அவர் படித்திருந்தார். குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் விடுதலையாயினர். இதில் எங்களைத் தொட்டது அவர் கேட்டார் என்பதே. நேரம் போதவில்லை என்று உரிய இடத்தில் சொல்லி மாற்று ஏற்பாடு கேட்பதை நாங்கள் தோல்வியாக நினைத்துப் பழகிவிட்டோம்.

இரண்டாவது மகத். 1927 மார்ச் 20 அன்று சவுதார் குளத்தில் தண்ணீர் அருந்தியபின், டிசம்பரில் மறுபடியும் குளத்துக்குச் செல்வதென்று மாநாடு அறிவிக்கப்பட்டது. சாதி இந்துக்கள் நீதிமன்றம் சென்று டிசம்பர் 14 அன்று இடைக்காலத் தடை வாங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் சத்தியாகிரகத்துக்குத் தயாராக வந்து குவிந்திருந்தார்கள். டிசம்பர் 25 இரவு மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. ஆனால் குளத்துக்குச் செல்லும் திட்டத்தை அம்பேத்கர் ஒத்திவைத்தார். வழக்கை நடத்துவதென்று முடிவு செய்தார். அந்த வழக்கு எத்தனை நாள் நடந்தது? பம்பாய் உயர்நீதிமன்றம் மகாத் மக்களுக்குச் சாதகமாக இறுதித் தீர்ப்பு வழங்கிய நாள் 1937 மார்ச் 17. இடைப்பட்ட ஒன்பதே கால் ஆண்டுகளில் அவர் மூன்று வட்டமேசை மாநாடுகளுக்குச் சென்றார். முதல் இரண்டில் நம் இரட்டைமலை சீனிவாசன் அவரோடு இருந்தார். பூனா ஒப்பந்தத்தின் கசப்பைக் கண்டார், மனைவியை இழந்தார், சட்டக் கல்லூரி முதல்வரானார், சாதி ஒழிப்பு நூலை எழுதினார், ஒரு கட்சியைத் தொடங்கினார். அத்தனைக்கும் அடியில் அந்தக் குளத்து வழக்கு வாய்தா வாய்தாவாக ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அதைக் கைவிடவில்லை. ஓரிரவு வெறியில் செய்து முடிக்கக்கூடிய வேலை எது, பத்தாண்டு தாங்க வேண்டிய வேலை எது என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்தது. (டிசம்பர் 25 என்ற நாள் எங்கள் வட்டத்தில் வேறொரு காரணத்தால் மறக்க முடியாதது. மகத்துக்கு 41 ஆண்டுகள் கழித்து அதே நாளில், அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. இந்தப் பகுதியில் வழக்கு நடத்துகிறவர்களின் முதுகில் அந்தத் தீர்ப்பு எப்போதும் உட்கார்ந்திருக்கிறது.)

தாதரில் ராஜகிருகம் என்ற வீட்டை 1930களில் கட்டினார். நூல்களுக்காகவே திட்டமிட்ட வீடு. பத்துக்குப் பத்து அறையில் தூக்கத்தைக் கைமாற்றிப் படித்தவர் தமக்குக் கிடைத்த முதல் வசதியில் செய்துகொண்டது மேசைக்கும் அலமாரிக்கும் இடம் ஒதுக்கியதுதான். புத்தகங்களில் வண்ணப் பென்சிலால் கோடிட்டுப் படிப்பார். எழுதத் தொடங்கும்முன் பொருளடக்கத்தை வகுத்துக்கொள்வார். இதற்குச் சான்று அவர் முடிக்காமல் விட்டுச் சென்ற கையெழுத்துப் படிகளே. அவற்றில் சிலவற்றில் அத்தியாயத் தலைப்புகள் வரிசையாகத் தட்டச்சாகியிருக்கின்றன. கீழே சில அத்தியாயங்கள் மட்டும் எழுதப்பட்டிருக்கின்றன. இடையில் அமைச்சுப் பணியோ நோயோ குறுக்கிட்டாலும், எங்கே விட்டோம் என்று தேடாமல் திரும்பி வந்து உட்கார அந்தத் தலைப்புப் பட்டியல் உதவியிருக்கும். வாதக் குறிப்பை இப்படித் தலைப்புகளிலிருந்து தொடங்குவதை நாங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். வாய்தாவுக்கும் வாய்தாவுக்கும் இடையே நான்கு மாதம் ஓடிவிடும் ஊரில் இது பெரிய உதவி.

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். இந்த ஆண்டுகளில் ஒரு முரண் இருக்கிறது. தொழிற்சாலைத் தொழிலாளரின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்த 1946ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தை மன்றத்தில் கொண்டுவந்தவர் அவர். உடலுக்கு எல்லை உண்டு, ஓய்வு உரிமை என்று சட்டமாக்கியவர் தம் நாளுக்கு அந்தச் சட்டத்தைப் பொருத்திக்கொள்ளவில்லை. அலுவலகத்திலிருந்து திரும்பியதும் படுக்கையில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு நள்ளிரவு கடந்தும் படித்தார். அந்த ஆண்டுகளிலேயே காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது பற்றிய பெருநூலும் சூத்திரர்கள் யார் என்ற ஆய்வும் வெளிவந்தன. நீரிழிவும் அப்போதே உள்ளே புகுந்துவிட்டது.

1947 ஆகஸ்ட் 29 அன்று அரசமைப்பு வரைவுக் குழு அமைக்கப்பட்டது. ஏழு உறுப்பினர், அவர் தலைவர். பெயருக்கு ஏழு பேர் என்றாலும் நடந்தது வேறு என்பதை 1948 நவம்பரில் அவையிலேயே சொன்னவர் தஞ்சையும் நாகையும் அடங்கிய மாகாணத்திலிருந்து சென்ற டி.டி. கிருஷ்ணமாச்சாரி. ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்கா போனார், ஒருவர் சமஸ்தான அலுவல்களில் மூழ்கினார், ஓரிருவர் உடல்நலமின்றித் தில்லிக்கு வெளியே இருந்தார்கள். சுமை அம்பேத்கர் ஒருவர்மீது விழுந்தது என்று அவர் விளக்கினார். அவையில் அளிக்கப்பட்ட திருத்தங்கள் 7,635. எடுத்துக்கொள்ளப்பட்டவை 2,473. ஒவ்வொன்றுக்கும் ஏற்பதா மறுப்பதா என்று சொல்லி, மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டியவர் வரைவுக் குழுத் தலைவர். கூடவே சட்ட அமைச்சர் பதவி. கூடவே நாட்டுப் பிரிவினையின் இரத்தம்.

இந்தச் சுமையைத் தாங்கியது மன உறுதி மட்டுமே என்று சொல்வது அவரே ஒப்புக்கொள்ளாத ஒன்று. 1949 நவம்பர் 25 அன்று ஆற்றிய நிறைவுரையில் முதல் வரைவைத் தயாரித்த பி.என். ராவையும், தலைமை வரைவாளர் எஸ்.என். முகர்ஜியையும், இரவு கடந்தும் உழைத்த அலுவலக ஊழியர்களையும் பெயராலும் பணியாலும் குறிப்பிட்டு, பெருமையைப் பகிர்ந்துகொடுத்தார். சிக்கலான கருத்தை எளிய, துல்லியமான சட்டச் சொற்களில் அமைக்கும் முகர்ஜியின் திறமை இல்லையென்றால் பணி இன்னும் பல ஆண்டுகள் இழுத்திருக்கும் என்பது அவருடைய கணிப்பு. பாராட்டு வார்த்தைதானே என்று கடந்துவிடக்கூடாது. யாருக்கு எது வரும் என்று தெரிந்து அதை அவரிடம் விட்டுவிடுவது, ஒவ்வொரு காற்புள்ளியையும் தானே போட்டுத் தீரவேண்டும் என்று நினைக்கும் எங்களைப் போன்றோருக்குக் கடினமான பழக்கம்.

உடல் கணக்குக் கேட்டது. 1948 தொடக்கத்தில் கால் நரம்பு வலியால் இரவுகளில் தூக்கமில்லை. இன்சுலின் இல்லாமல் நாள் நகரவில்லை. சிகிச்சைக்குப் பம்பாய் சென்றபோது மருத்துவர்கள் கூடவே ஒருவர் இருந்து உணவையும் ஊசியையும் கவனிக்க வேண்டும் என்று எச்சரித்தார்கள். அங்கு அறிமுகமான மருத்துவர் சாரதா கபீரை 1948 ஏப்ரல் 15 அன்று தில்லியில் மணந்தார். சவிதா என்று பெயர் மாற்றிக்கொண்ட அவர் அடுத்த எட்டாண்டுகள் உணவு, மருந்து, பார்வையாளர் நேரம் எல்லாவற்றையும் வரையறுத்தார். அதனால் அவர் பெற்ற ஏச்சு அதிகம். தலைவரை மக்களிடமிருந்து பிரிக்கிறார் என்று பேசினார்கள். ஒருவரின் ஓய்வு நேரத்தைக் காவல் காக்கிறவர் எப்போதும் கெட்டவராகிவிடுகிறார். சவிதா அம்மையாருக்கு இயக்கம் நன்றாக நடந்துகொள்ளவில்லை என்பதே எங்கள் கருத்து.

அவருக்கும் ஓய்வு தேவைப்பட்டது, அதை அவர் தேடினார் என்பதும் படங்களில் வராத செய்தி. முதிய வயதில் ஆசிரியர் வைத்து வயலின் கற்றார். தோட்டத்தில் நேரம் செலவிட்டார். நாய்களை வளர்த்தார். சில நாள்களில் தாமே சமைத்து நண்பர்களுக்குப் பரிமாறினார். வயலினில் தேர்ச்சி பெற்றாரா என்பது முக்கியமில்லை. எவருக்கும் பயன்படாத ஒரு மணி நேரத்தை, கோடிக்கணக்கானோரின் பிரதிநிதியாக இருந்த ஒருவர் தமக்கென்று வைத்துக்கொண்டார்.

ஆனால் அது போதவில்லை. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை நிறைவேற்ற நான்கு ஆண்டுகள் போராடினார். 1951 ஆகஸ்டில் தம் உடல்நிலையைக் காரணம் காட்டி, மசோதாவை விரைவாக எடுத்துக்கொள்ளும்படி பிரதமருக்கு எழுதினார். எடுத்துக்கொள்ளப்பட்டது, நான்கு பிரிவுகள் தாண்டியதும் கைவிடப்பட்டது. செப்டம்பர் 27 அன்று பதவி விலகினார். உழைப்பால் மட்டும் நகராத சுவர்கள் உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அவர் வாழ்க்கையில் இல்லை.

இந்த வாழ்க்கையைப் படித்து முடித்தபின் எங்கள் அலுவலகத்தில் சில சிறு மாற்றங்கள் செய்தோம். எந்த அறிவிப்பு வந்தாலும் எவருடைய பைக்குள்ளும் போகுமுன் வாசல் மேசையில் இருக்கும் பெரிய நோட்டில் ஏற வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் இருவர் பெயர். ஒருவர் படுத்தால் மற்றவர் போவார். இரு வாய்தாக்கள் மோதினால் முன்கூட்டியே நீதிபதியிடம் சொல்ல வேண்டும். தாணேயில் அண்ணல் கேட்டதைக் கீழ்வேளூர்க்காரர்கள் கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கைபேசி ஒருவரிடம் மட்டும், முறை வைத்து. பெண் தோழர் இருக்கும் நேரத்தில்தான் கூட்டம். இவை எங்கள் கட்டுகளைக் குறைக்கவில்லை. வன்கொடுமைகள் குறைந்தால்தான் கட்டுகள் குறையும். அது நோட்டுப் போட்டு ஆகிற காரியமன்று. அறிவிப்புத் தாள் ஒன்றும் பைக்குள் தங்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் வழக்கு விசாரணை தொடங்கிவிட்டது. சாட்சிகள் இதுவரை பிறழவில்லை.

கடைசி ஆண்டு அம்பேத்கருக்குக் கொடிய ஆண்டு. கண் மங்கியது, பிறர் தோளைப் பற்றியே நடந்தார். 1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசும்போது, படித்து முன்னேறியவர்கள் தம் மக்களை மறந்துவிட்டதைச் சொல்லி வருந்தினார். வேலையைக் கைமாற்றிக் கொடுக்க ஆளில்லை என்ற கவலையை அவர் தம் தட்டச்சர் நானக் சந்த் ரட்டுவிடம் கண்ணீரோடு சொன்ன நாள்களும் உண்டு. ரட்டு பகலில் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் அலிப்பூர் சாலை 26ஆம் எண் வீட்டுக்கு வந்து இரவு வரை தட்டச்சு செய்வார். அந்த மனிதரின் விரல்கள் இல்லாமல் அண்ணலின் கடைசி நூல்களில் எதுவும் நமக்குக் கிடைத்திருக்காது. புத்தரும் அவர் தம்மமும் என்ற நூலை அச்சிடப் பணமில்லை. 500 பிரதிகளை அரசு வாங்கிக்கொள்ள இயலுமா என்று செப்டம்பரில் நேருவுக்கு எழுதினார். உதவி கிடைக்கவில்லை. அக்டோபர் 14 அன்று நாக்பூரில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். நவம்பரில் காத்மண்டு பயணம்.

டிசம்பர் 5 இரவு ரட்டு அவருடைய கால்களையும் தலையையும் பிடித்துவிட்டார். புத்த வணக்கப் பாடல் இசைத்தட்டில் ஓடியது. அவரும் விரலால் தாளமிட்டுக் கூடவே முணுமுணுத்தார். சமையல்காரர் சுதாமா கொண்டுவந்த சோற்றில் சிறிது உண்டார். படுக்கைக்குப் போனவர், வீடு திரும்பப் புறப்பட்டுவிட்ட ரட்டுவை மறுபடியும் அழைத்து, தட்டச்சான முன்னுரையையும் அறிமுகத்தையும், எஸ்.எம். ஜோஷிக்கும் ஆச்சார்ய ஆத்ரேக்கும் எழுதிய கடிதங்களையும் எடுத்துவரச் சொன்னார். இரவில் திருத்திவிட்டு மறுநாள் அனுப்பலாம் என்பது எண்ணம். தாள்கள் படுக்கையருகே வைக்கப்பட்டன. காலையில் சவிதா எழுப்பச் சென்றபோது உயிர் போயிருந்தது. வயது 65. நூல் 1957இல் வெளிவந்தது. அந்த முன்னுரை அதில் இடம்பெறவில்லை.